ஆடி மாதத்தில் போடாத கையெழுத்து

1

மலேசியாவின் சுதந்திர நாள் ஆகஸ்ட் முப்பத்தொன்று. ஆனால் கெடா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கும் எங்கள் செர்டாங்கில் ஒன்றாம் தேதியே கொடிகள் வந்துவிடும். டயர் கடை, கோழிக் கடை, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிப்போகும் லாரி, பள்ளிக்கூட வேலி, ஒன்றும் பாக்கி இருக்காது. மாதம் முழுக்கத் தேசபக்திதான். எனக்கும் அந்த மாதத்தில்தான் வேலை அதிகம். நான் தையல்காரி. பாலர் பள்ளி ஊர்வலத்துக்குக் கொடித் துணியிலேயே சட்டை, கால்சட்டை, தலைப்பட்டை எல்லாம் தைத்துத் தரச்சொல்லி அம்மாமார்கள் வந்து நிற்பார்கள்.

முதல் வருடம் அந்தத் துணியில் கத்தரிக்கோல் வைக்க எனக்குக் கை வரவில்லை. சிவகங்கைப் பக்கம் நான் படித்த பள்ளியில், கொடியைத் தரையில் படவிட்ட ஒரு பையனை வெயிலில் முட்டிபோட வைத்தார்கள். அதைப் பார்த்து வளர்ந்தவள், ஒரு நாட்டின் கொடியை நான்கு வயதுக் குழந்தையின் கால்சட்டைக்கு எப்படி வெட்டுவாள்? துணி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ரோஸ் அக்காவிடம், இது பாவமில்லையா என்று என் அரைகுறை மலாயில் கேட்டேன். அவர் மலாய்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விழுந்து விழுந்து சிரித்தார். பிள்ளைகளுக்கு நாட்டின் மேல் ஆசை வர வேண்டாமா, சும்மா வெட்டு என்றார். இருபது வருடமாகிவிட்டது. இப்போதெல்லாம் பேசிக்கொண்டே வெட்டுகிறேன்.

எங்கள் குடியிருப்பை இங்கே தாமான் என்பார்கள். எங்கள் வரிசையில் பதினான்கு வீடுகள். அந்தப் பதினான்குக்கும் கொடி கட்டுவது என் மகன் தினேஸின் வேலை. யாரும் கொடுத்த வேலையில்லை. பத்து வயதில் அவனாகவே எடுத்துக்கொண்டான். எந்த வீட்டுக் கம்பம் துருப்பிடித்திருக்கிறது, எந்த வீட்டு நாய் ஏணியைக் கண்டால் குரைக்கும் எல்லாம் அவனுக்குத் தெரியும்.

இந்த வருடம் ஆகஸ்ட் பிறந்தும் அவன் ஏணியைத் தொடவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டுத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். எங்கள் வாசல் மட்டும் மொட்டையாகக் கிடந்தது. "தினேஸுக்கு உடம்பு சரியில்லையா?" என்று ரோஸ் அக்கா இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்று அவனுக்கு இருபத்தொரு வயது முடிந்தது. அதைப் பற்றித்தான் இந்த இரவுச் சமையலை ஒத்திப்போட்டுவிட்டு ஊரிலிருக்கும் சொந்தக்காரர்களான உங்களுக்கு நம் குடும்பக் குழுவில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

நாட்டின் பிறந்தநாளில் பிறந்தவன் அவன். ஆறு வாரம் முந்திக்கொண்டு வந்துவிட்டான். அரசாங்க மருத்துவமனையில் அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சுதந்திர நாளில் பிறக்கும் குழந்தைகளுக்கு அங்கே தனி மரியாதை. ஒரு நர்ஸ் பெட்டியின் மேல் கையளவுக் கொடி ஒன்றை ஒட்டினார். பால்புட்டி, போர்வை, பவுடர் எல்லாம் வைத்துக் கட்டிய ஒரு கூடையைப் பரிசாகக் கொடுத்தார்கள். நாட்டுக்குப் பெருமை சேர்ப்பான் என்று வாழ்த்தினார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

பத்து நாள் கழித்துப் பிறப்புப் பத்திரம் வந்தது. எனக்கு மலாய் படிக்கத் தெரியாது. பிளாஸ்டிக் உறையில் போட்டு முருகன் படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைக்கப் போனேன். என் கணவர் குணா அதை வாங்கி வாசித்தார். வாசித்தவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. குழந்தை இந்நாட்டுக் குடிமகன் அல்ல என்று அதில் அச்சாகியிருந்தது.

இங்கே சட்டம் இப்படி. அப்பா மலேசியர், அம்மா வெளிநாட்டுக்காரி என்றால், பிள்ளை பிறப்பதற்கு முன் கல்யாணம் பதிவாகியிருக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைக்கு அப்பாவின் நாடு கிடைக்கும். கோயிலில் கட்டிய தாலி கணக்கில் வராது. பதிவாகவில்லை என்றால் பிள்ளை அம்மாவின் பக்கம். குணா இங்கே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். நான் இந்தியக் குடிமகள். எங்கள் கல்யாணம் கோயிலில் நடந்தது தை மாதத்தில். பதிவானது தினேஸ் பிறந்து இரண்டு வாரத்துக்குப் பிறகு.

இரண்டு வருடம் கழித்து ஷாமினி பிறந்தாள். அவள் பிறக்கும்போதே மலேசியக் குடிமகள். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே ஆஸ்பத்திரி. ஒரு பிள்ளைக்கு நாடு இருக்கிறது, இன்னொன்றுக்கு இல்லை.

இங்கே பன்னிரண்டு வயதானால் அடையாள அட்டை எடுப்பார்கள். ஐசி என்று சொல்வார்கள். வகுப்பே பேருந்தில் ஏறிப்போய்ப் படம் பிடித்துக்கொண்டு வந்தது. தினேஸ் அன்று ஆசிரியர் அறையில் நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். ஐசி இல்லாவிட்டால் ஓட்டுநர் உரிமம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, கல்லூரி இல்லை. பள்ளிப் படிப்பை முடிக்கும் ஐந்தாம் படிவத் தேர்வில் அவன் மலாயிலும் நாட்டு வரலாற்றிலும் 'ஏ' வாங்கினான். அந்த வரலாற்றில் தானில்லை என்பது தெரிந்தே வாங்கினான். இப்போது டயர் கடையில் வேலை. சைக்கிளில் போய் வருகிறான்.

அந்தத் தேர்வு முடிந்தபோது, லங்காவித் தீவுக்குக் குடும்பமாகப் போவோம் என்று கிளம்பினோம். கோலா கெடா படகுத்துறையில் சீட்டு வாங்கும் இடத்தில் நான்கு பேரின் அட்டையையும் கேட்டார்கள். தினேஸ் பிறப்புப் பத்திரத்தின் நகலை நீட்டினான். அந்தப் பெண் நல்ல பெண். கடுகடுக்கவில்லை. மேலதிகாரியைக் கேட்டுவருகிறேன், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள் என்றாள். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

"ப்பா, வாணாம் பா. எனக்குப் படகு ஒத்துக்காது. வாந்தி வரும் லா," என்றான் தினேஸ்.

அவன் அதுவரை படகில் ஏறியதே இல்லை. ஆற்று முகத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து பொரித்த மீன் சாப்பிட்டோம். படகு போவதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

3

கல்யாணத்தை ஏன் நேரத்தோடு பதியவில்லை என்று கேட்பீர்கள். இருபது வருடமாக இங்கே எல்லோரும் கேட்டார்கள். "ஆபீஸ்ல தேதிய மாத்திட்டானுங்க, நாங்க என்னா செய்றது?" என்பது குணாவின் பதில். உறவுக்காரர்களுக்கும் அதுதான், தினேஸுக்கும் அதுதான். அந்தப் பதிலைக் கேட்டுத்தான் என் பிள்ளை வளர்ந்தான்.

அது பொய். உண்மையை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

தோட்டத்தில் இருந்த என் அத்தையைப் பார்க்க வந்தவள்தான் நான். அத்தைதான் இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார் குணா. இங்குள்ள தமிழர்கள் முதலில் அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பிறகுதான் கோயில் வைப்பார்கள். நான் ஊரிலிருந்து வந்தவள் என்பதால், எனக்கு வேறு கல்யாணம் ஆகவில்லை என்று ஒரு சான்று வேண்டியிருந்தது. அது நம்மூர் தாலுகா ஆபீஸில் ஐந்து மாதம் தூங்கிவிட்டு வந்து சேர்ந்தது. உடனே குணா மனுப்போட்டார். தேதியும் கிடைத்தது. நாள்காட்டியைப் பார்த்தேன். ஆடி மாதம்.

எனக்கு ஆறு மாதம் நிறைந்திருந்தது. "ஆடியில கல்யாணக் கையெழுத்தா? நான் போட மாட்டேங்க," என்றேன்.

"தாலிதான் கட்டியாச்சே பானு. இது சும்மா சைன் போடறதுதானே?"

"சும்மாவா? கல்யாணம்னுதானே அதுல எழுதியிருக்கு?"

அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா பதறிப்போனாள். "ஆடியில எதுவும் வச்சுக்காதடி, வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆகாது. ஆவணி பொறந்ததும் போடு. ஓடியா போகப்போகுது?"

பிள்ளைக்கு ஆகாது என்ற சொல்லுக்குக் குணா கட்டுப்பட்டார். அலுவலகத்துக்குப் போய்த் தேதியை மாற்றிக் கேட்டார். ஆவணி கடைசியில்தான் கிடைத்தது, அதாவது செப்டம்பரில். பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த நாள் அதற்கும் ஒரு மாதம் தள்ளி. நேரம் தாராளமாக இருந்தது. பிள்ளைதான் பொறுக்கவில்லை.

நம்மூரில் இருந்திருந்தால் இதில் ஒரு குறையும் வந்திருக்காது. ஆடியில் நாம் வீடு மாற மாட்டோம், கடை திறக்க மாட்டோம். யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஒரு மாதத்தை நான் விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்தேன். என் பிள்ளை அதில் ஒரு நாட்டை இழந்தான்.

பொய்யைச் சொன்னவர் குணா. அப்படிச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. இல்லை, நான்தான் காரணம் என்று ஒருநாளும் குறுக்கே வந்து சொல்லவும் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

4

தேசியம் என்பதை நான் புத்தகத்தில் படித்தவள் இல்லை. என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு தேசியம் உட்கார்ந்திருக்கிறது, நான் அதற்குச் சோறு போடுகிறேன்.

குணாவுடையது மண். "எங்க தாத்தா இங்க காட்ட வெட்டுனாரு. பாம்பு கடிச்சு இங்கயே செத்தாரு. இந்த மண்ணுலதான் பொதைச்சோம். இதுக்கு மேல என்னா பத்திரம் வேணும் இவனுங்களுக்கு?" என்பார். அந்தத் தோட்டம் கைமாறி, ரப்பர் மரமெல்லாம் போய், செம்பனை நின்று, இப்போது அதிலும் பாதி வீட்டுமனை. தாத்தாவைப் புதைத்த இடம் எது என்று கேட்டால் கையை நீட்டி ஒரு திசையைக் காட்டுவார்.

அவருடைய தம்பி மணியத்துக்கு இனம். தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறவர். பொழுதெல்லாம் கைப்பேசியில் பேச்சுகளைக் கேட்பார். "தமிழனுக்குன்னு ஒரு நாடு இருந்திருந்தா நம்ம பையனுக்கு இந்தக் கதி வருமா அண்ணி?" என்று ஒருநாள் கண் கலங்கக் கேட்டார்.

"அந்த நாட்டுல என்ன பத்திரம் கேப்பாங்க?" என்றேன்.

"தமிழன்னா போதும்."

"ஷாமினிக்குத் தமிழ் எழுதப் படிக்க வராதே. அவள உள்ள விடுவாங்களா?"

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம் லா அண்ணி," என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஷாமினி கோலாலம்பூரில் படிக்கிறாள். அவளுக்கு இனம், மதம் ஒன்றும் வேண்டாம். "நாம எல்லாம் மலேசியன் மா. ரேஸ் பார்க்கவே கூடாது. சித்தப்பா டாக்ஸிக் லா," என்பாள். எல்லாவற்றிலும் அழகான தேசியம் அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடிமக்களுக்குத் தரும் நீல நிற அடையாள அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அதைச் சொல்வது சுலபம். அவள் தோழிகள் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் ஏன் காடி, அதாவது கார், ஓட்டுவதில்லை என்று கேட்டார்கள். "அவனுக்குச் சைக்கிள்தான் பிடிக்கும்," என்றாள் ஷாமினி. தினேஸ் சிரித்துக்கொண்டே அவர்களுக்குக் குடிக்கச் சர்பத் கலக்கிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவள் யாரையும் அழைத்துவருவதில்லை. அவளும் அதிகம் வருவதில்லை. போனில் பேசினால், பாதி மலாய், பாதி ஆங்கிலம். நடுவில் "ம்மா" மட்டும் தமிழ்.

தேர்தல் நேரத்தில் எங்கள் கடைத்தெருவில் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசினார். இது எங்கள் இனத்தின் மண், வந்தவர்கள் வந்தவர்களாக நடந்துகொள்ள வேண்டும் என்றார். ரோஸ் அக்காவின் கணவரும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். மறுநாள் காலை அதே கையால் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்து கொடுத்தார். தினேஸ் சின்னப் பையனாக இருந்தபோது அவனைத் தோளில் தூக்கிக் கொடி கட்டப் பழக்கியவரே அவர்தான். அந்த மனிதரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இங்குள்ளவர்களைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு உங்களை விட்டுவிட்டால் நியாயமில்லை. ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்துக்கும் என் அண்ணன் சிவகங்கையிலிருந்து குழுவில் மூவர்ணக் கொடிப் படமும் பாரத மாதா படமும் அனுப்புவான். எங்கே இருந்தாலும் நம் ரத்தம் இந்திய ரத்தம் என்று எழுதியிருக்கும். தினேஸை இந்தியனாகப் பதிய ஏதாவது வழி விசாரித்துச் சொல் என்று அவனைத்தான் கேட்டேன். "அவன் அங்க பொறந்த பிள்ளையில்ல? அந்த ஊருக்காரன்தானே? இங்க எப்படிக் குடுப்பான்?" என்றான். அவ்வளவு சீக்கிரத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

அதே குடும்பக் குழுவில் இன்னொரு செய்தியும் வரும். நம்மூர் ஓட்டலிலும் செங்கல் சூளையிலும் வேலைக்கு வந்திருக்கும் வடநாட்டுப் பையன்களை 'வந்தேறி' என்று எழுதி, விரட்ட வேண்டும் என்பீர்கள். என் சித்தி மகன் எழுதுவான், நீங்கள் நெருப்புப் படம் போடுவீர்கள். அந்தச் சொல்லுக்கு மலாயிலும் ஒரு சொல் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் தினேஸைப் பார்த்துச் சொன்னான். வீட்டுக்கு வந்து, அப்படி என்றால் என்னம்மா என்று கேட்டான். அன்று நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உங்கள் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கதவுதான் ஞாபகம் வருகிறது. பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள்.

5

கோலாலம்பூரிலுள்ள நம் நாட்டுத் தூதரக அலுவலகத்துக்கும் போனேன். வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளையை ஒரு வருடத்துக்குள் பதிந்திருக்க வேண்டுமாம். அப்போது அவனுக்கு ஆறு வயது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: "பிறந்தபோது அவனை இந்தியன் என்று நீங்கள் நினைக்கவில்லையா?" நினைக்கவில்லை என்றேன். வேறென்ன சொல்ல? அவன் மலேசியன் என்றுதான் நினைத்தோம். அப்படியானால் அவர்களிடம்தான் கேட்க வேண்டும் என்றார்.

அவர்களிடம் கேட்டோம். இருபத்தொரு வயது முடிவதற்குள் சிறப்பு மனு ஒன்று போடலாம். அதற்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிடும். ஏழு வயதில் ஒரு தடவை போட்டோம், பதினான்கில் ஒரு தடவை. இரண்டுக்கும் ஒரே வரியில் பதில்: மனு வெற்றிபெறவில்லை. காரணம் எழுத மாட்டார்கள். மூன்றாவது மனுவைப் பத்தொன்பது வயதில் போட்டோம். இந்தப் பங்குனியில் மாநிலத் தலைநகரான அலோர் ஸ்டாருக்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள்.

அங்கே இருந்த அதிகாரி இளம்பெண். தினேஸ் பேசும் மலாயைக் கேட்டு வியந்துபோனாள். பிள்ளை பிறக்கும் முன்பே கல்யாணத்தைப் பதிய மனுப்போட்டிருந்தீர்கள் என்றால் அந்தப் பழைய கோப்பின் நகலையும் வாங்கி இணையுங்கள், உதவலாம் என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் 'உதவலாம்' என்றார். காரில் ஏறியதும் தினேஸ் பாட்டைச் சத்தமாக வைத்தான்.

குணா மட்டும், "பழச எதுக்குக் கிளர்றது? வாணாம் பானு," என்றார். எனக்கும் பயமாக இருந்தது. ஆனால் மனுப்போட்ட தேதி மட்டும்தான் அதில் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

வைகாசியில் நானும் தினேஸும் குணாவின் காரில் மறுபடி போனோம். குணா நிழல் தேடிக் காரை நிறுத்தப் போய்விட்டார். நாங்கள் இருவரும் எண் சீட்டை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நகல் கிடைத்தது. இரண்டு பக்கம். தினேஸ் அங்கேயே நின்று வாசித்தான். முதல் பக்கத்தில் அவன் முகம் மலர்ந்தது. மனுப்போட்ட தேதி அவன் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு. இரண்டாம் பக்கத்தில் பேனாவால் ஏதோ எழுதி முத்திரை வைத்திருந்தது. அதை வாசித்தான். மறுபடியும் வாசித்தான்.

"என்னடா போட்டிருக்கு?"

"ஒண்ணும் இல்லமா. தேதி மாத்திட்டாங்கன்னு போட்டிருக்கு."

"யார் மாத்துனதா?"

"ஆபீஸ்ல தான் மா. அப்பா சொன்ன மாதிரிதான்."

காகிதத்தை மடிப்பதற்குள் நானும் பார்த்துவிட்டேன். எனக்கு மலாய் படிக்க வராது, உண்மைதான். ஆனால் 'பெரெம்புவான்' என்ற சொல் தெரியும். பெண் என்று அர்த்தம். கழிவறைக் கதவிலும் இருக்கிறது, இருபது வருடமாக என் அளவு நோட்டிலும் இருக்கிறது. அந்த முத்திரைக்கு மேல் அது இருந்தது. பெண் கேட்டதால் ஒத்திவைக்கப்பட்டது. வேறு எதற்கு அந்த இடத்தில் அந்தச் சொல் வரும்?

அவன் என்னைப் பார்க்கவில்லை. "பசிக்குதாமா?" என்று கேட்டான். வழியில் நிறுத்தி மூவரும் சாப்பிட்டோம். குணா அவன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டீயைக் குடித்தார். அதற்குப் பிறகு ஒருநாள் வீட்டில் மணியம் வழக்கம்போல் அரசாங்கத்தைத் திட்டினார். "வேணும்னே தேதிய மாத்தி நம்ம புள்ள வாழ்க்கைய கெடுத்துட்டானுங்க," என்றார். முன்பெல்லாம் தினேஸும் சேர்ந்து கொதிப்பான். அன்று, "விடுங்க சித்தப்பா. சாப்டுங்க," என்று சொல்லிவிட்டு எழுந்துபோனான்.

6

பதில் கடிதம் ஆடி மாதத்தில் வந்தது. மூன்றாவது தடவையும் அதே ஒரு வரி. நான் கும்பிடும் சாமிக்கு இந்த அளவுக்குக் கேலி தெரியும் என்று நினைக்கவில்லை.

"இன்னும் ஒரு மாசம் இருக்குடா. திரும்பப் போடலாம்," என்றார் குணா. "எதுக்குப்பா?" என்று கேட்டுவிட்டு தினேஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அவ்வளவுதான். இனிமேல் வெளிநாட்டுக்காரனைப்போல இந்த நாட்டிடம் இடம் கேட்டு விண்ணப்பிக்கலாமாம். அதற்கு, இத்தனை வருடம் முறையான அனுமதிச் சீட்டோடு இங்கே தங்கினான் என்று காட்ட வேண்டும். பிறந்த ஊரில் இருக்க எந்தப் பிள்ளை அனுமதிச் சீட்டு வாங்கியிருக்கும்?

இன்று காலை ஏழு மணிக்கே அவன் குளித்து முடித்திருந்தான். நான் கேசரி கிண்டினேன். ஷாமினி குரல் செய்தி அனுப்பியிருந்தாள், ஆங்கிலத்தில் வாழ்த்துப் பாட்டு. அதை இரண்டு தடவை கேட்டான். பிறகு கொல்லைப் பக்கம் போய் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்பது மணிக்கு எங்கள் தெரு வழியாகத்தான் பாலர் பள்ளி ஊர்வலம் போகும்.

"மா, கொடி என் அலமாரியில இருக்கு. எடுத்துட்டு வாங்க," என்றான்.

எடுக்கப் போனேன். மடித்து வைத்திருந்த கொடியைத் தூக்கினேன். அடியில் ஒரு உறை. அலோர் ஸ்டாரில் வாங்கிய அந்த இரண்டு பக்கம், மூலை மடங்காமல் அப்படியே இருந்தது. அசல் முத்திரை போட்ட தாள். மனுவோடு போக வேண்டியது இந்தத் தாளேதான். மனுவோடு சேர்த்துவிட்டேன் என்று எங்களிடம் சொல்லியிருந்தான். சேர்க்கவே இல்லை.

எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு கையில் கொடி, ஒரு கையில் உறையோடு வாசலுக்கு வந்தேன். அவன் ஏணியின் நான்காவது படியில் இருந்தான். உறையைப் பார்த்தான். அவன் முகம் மாறவில்லை.

"இத ஏண்டா குடுக்கல?"

"குடுத்திருந்தா மட்டும் கெடச்சிருக்குமாமா?"

"கெடச்சிருக்கும்னா?"

அவன் கம்பத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றினான்.

"தினேஸ், அந்த ஆடி மாசம் நான்தான்டா..."

"தெரியும் மா."

அதட்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையில் கேட்ட பொருள் இல்லை என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னான். நாலு பேர் நாற்காலிபோட்டு உட்கார்ந்து வாசிக்கும் மேசைக்கு என் தப்பு போகக் கூடாது என்று இந்தப் பிள்ளை முடிவெடுத்திருக்கிறான். அதற்காகக் கடைசி வாய்ப்பைத் துணிக்கடியில் மடித்து வைத்திருக்கிறான். இதற்கு என்ன பெயர்? எந்தத் தேசியத்திலும் இதற்கு இடமில்லை. நான் சீக்கிரமே செத்திருக்கலாம் என்று அந்த இடத்தில் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

"இந்தக் கொடிய இன்னும் எதுக்குடா கட்றே?" என்றேன். குரல் எனக்கே அடங்கவில்லை. "இவங்கதான் உன்ன வேணாம்னுட்டாங்களே?"

அவன் குனிந்து என்னைப் பார்த்தான்.

"வேற எந்தக் கொடிய கட்டச் சொல்றீங்கமா?"

தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. நான் தைத்த சட்டைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. முன்னால் வந்த ஒரு சின்னப் பெண் தினேஸைப் பார்த்துக் கையசைத்தாள். ரோஸ் அக்கா தன் வாசலுக்கு வந்து, எங்கள் ஏணியைப் பார்த்ததும் கைதட்டினார்.

தினேஸ் கொடியின் மேல் முனையை வாங்கிக் கம்பத்தில் முடிந்தான். நான் கீழ்முனையை விட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனேன்.

"கீழ படாம பிடிங்கமா," என்றான்.

பிடித்துக்கொண்டேன்.